களவு போய் மீண்ட காரும் கள்ளாமை விரதமும்

இல்லறத்தாருக்கென ஆசாரியப் பெருமக்கள் அருளிய ஐந்து அணுவிரதங்களுள் மூன்றாவது கள்ளாமை. அசௌரியாணுவிரதம் என்று வடமொழி நூல்கள் வழங்குவதும் இதனையே. "நாம் எவர் பொருளையும் திருடியதில்லை, ஆகவே இவ்விரதம் நம்மிடம் பழுதின்றி நிற்கின்றது" என்று நம்மிற் பலர் எளிதாக எண்ணிவிடுகின்றோம். ஆனால் இன்றைய இல்லறத்தில் இவ்விரதம் பெரிதும் சோதிக்கப்படும் இடம், நாம் ஒரு பொருளை விலை பேசி வாங்கும் இடமேயாகும். அத்தகைய வினா ஒன்றை இப்பாடத்தில் ஆராய்வோம். முன்பொரு முறை திருடப்பட்டு, பின்னர் மீட்கப்பட்ட பழைய கார் ஒன்று விற்பனைக்கு வருகின்றது. அதனைச் சிராவகர் ஒருவர் வாங்கலாமா?

வினாவின் இரு பக்கங்கள்

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். முதிய அன்னையாரை மாதந்தோறும் சிற்றூரிலிருந்து நகரத்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டியுள்ளது. மகனுடைய வருவாய்க்குப் புதிய கார் எட்டாது. அதே வகையில், அதே ஆண்டில் வெளிவந்த கார்கள் நான்கரை இலட்ச ரூபாய்க்கு விற்கும்போது, ஒரு கார் மூன்றேகால் இலட்சத்திற்குக் கிடைக்கின்றது என்று கொள்வோம். காரணம் கேட்டால், "முன்பு ஒரு முறை திருட்டுப் போய்க் கிடைத்த வண்டி, அதனால்தான் இந்த விலை" என்று வியாபாரி மறைக்காமல் கூறுகின்றார்.

அன்னையார், "களவு போன பொருள் நம் வீட்டு வாசலுக்கு வர வேண்டாமப்பா, அதில் ஏறி நான் ஜினாலயத்திற்குச் செல்வது எப்படி?" என்கிறார். மகனோ, "திருடியவன் எவனோ, நாம் பணம் கொடுத்து வாங்குகிறோம், ஆர்.சி. புத்தகமும் சரியாகத்தானே இருக்கின்றது, அம்மா?" என்கிறார்.

இவ்விரண்டு கூற்றிலும் உண்மை உண்டு. இரண்டும் முழுமையானவை அல்ல. அன்னையார் பொருளின் மீது கறை கண்டு அஞ்சுகின்றார். மகன் பணம் கொடுத்த அளவிலேயே குற்றம் நீங்கிவிடும் என்று கருதுகின்றார். ஆசாரியர்கள் கூறும் இலக்கணத்தை முதலில் அறிந்தால்தான் இதற்கு விடை காண இயலும்.

விரதத்தின் இலக்கணம்

களவு என்பது கொடுக்கப்படாத பொருளைக் கொள்ளுதல் என்பது உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் காட்டும் இலக்கணத்தின் பொருள். இங்கே "கொடுக்கப்படாத" என்பதனை நன்கு கவனித்தல் வேண்டும். கொடுத்தல் என்னும் செயல் நிகழ வேண்டுமானால், கொடுப்பவருக்கு அப்பொருளின் மீது உரிமை இருக்க வேண்டும். உரிமையில்லாத ஒருவன் நம் கையில் வைத்தது கொடுக்கப்பட்ட பொருளாகாது. அதற்கு நாம் முழு விலையும் எண்ணிக் கொடுத்தாலும் அது கொடுக்கப்படாத பொருளே.

ஸ்ரீ சமந்தபத்திராசாரியர் தமது ரத்னகரண்ட சிராவகாசாரத்தில், பிறர் வைத்த, வீழ்த்திய, மறந்த பொருளைத் தான் எடுத்துக்கொள்ளாமையோடு, அதனைப் பிறருக்குக் கொடாமையையும் இவ்விரதத்தில் சேர்க்கின்றார். அந்நூலின் வழியில் தமிழில் எழுந்ததே நம் அருங்கலச்செப்பு. ஆகவே கொள்வதில் மட்டுமன்றிப் பிறகு விற்பதிலும் இவ்விரதம் நம்மைத் தொடர்கின்றது. இதனைப் பின்னர்க் காண்போம்.

விரதம் முற்றிலும் முறியாமல் மாசுபடும் நிலையை அதிசாரம் என்கிறோம். கள்ளாமைக்குத் தத்துவார்த்த சூத்திரம் கூறும் அதிசாரங்கள் ஐந்து:

1. திருடுவதற்கு ஒருவனைத் தூண்டுதல், வழி காட்டுதல்.
2. திருடிக் கொணர்ந்த பொருளை வாங்குதல்.
3. அரசின் விதிகளுக்கு மாறாகக் கொள்ளல் கொடுத்தல் செய்தல்.
4. அளவிலும் எடையிலும் கூட்டியும் குறைத்தும் வஞ்சித்தல்.
5. போலியானதை நல்லதென்று காட்டி வாணிகம் செய்தல்.

நாம் எடுத்துக்கொண்ட வினா இரண்டாவதைச் சார்ந்தது. ஆயினும் மூன்றாவதும் ஐந்தாவதும் இதனுள் வந்து சேர்வதைக் காணலாம். திருட்டுப் பொருளை வாங்குவோர் இருப்பதனாலேயே திருடுபவனுக்கு அது தொழிலாகின்றது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றனுள், அறிந்து வாங்குபவர் தம் பணத்தாலேயே உடன்படுகின்றார். திருக்குறளின் இருபத்தொன்பதாம் அதிகாரமான கள்ளாமை துறவறவியலில் வைக்கப்பட்டிருந்தாலும், பிறர் பொருளை வஞ்சித்துக் கொள்ள எண்ணுவதையே தீதாகக் காணும் அதன் கருத்து இல்லறத்தாருக்கும் நன்கு பொருந்தும்.

கறை பொருளில் உள்ளதா?

இரும்பும் ரப்பரும் கண்ணாடியும் சேர்ந்த கார் ஒரு புத்கலப் பொருள். அதற்கு வினை இல்லை. வினையின் ஊற்று உயிரின் பரிணாமத்தில்தான் உள்ளது. திருடியவனுடைய தீவினை அவனையே சாரும். அது இருக்கையிலோ சக்கரத்திலோ ஒட்டிக்கொண்டு அடுத்தவர் வீட்டிற்கு வருவதில்லை. ஆகவே "தோஷமுள்ள வண்டி" என்று அஞ்சுவதற்கு நம் தத்துவத்தில் இடமில்லை.

ஆனால் உரிமை என்பது வேறு. வண்டியைப் பறிகொடுத்தவருடைய உரிமை, வண்டி எத்தனை கை மாறினாலும் அழிவதில்லை. இதில் நாட்டின் சட்டமும் அறநூலோடு ஒத்துச் செல்கின்றது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 27ஆம் பிரிவில், பொதுவாக விற்பவருக்கு இருந்த உரிமையைவிட மேலான உரிமை வாங்குபவருக்குக் கிடைக்காது என்று விதிக்கின்றது. திருடனுக்கு உரிமை இல்லை. எனவே அவனிடம் வாங்கியவருக்கும் இல்லை. அவரிடம் வாங்கியவருக்கும் இல்லை.

அதே சமயம், திருட்டுப் பொருள் என்றென்றும் திருட்டுப் பொருளாகவே இருப்பதில்லை. அது சட்டப்படி வைத்திருக்க உரிமையுடையவரின் கைக்கு மீண்டும் வந்துவிட்டால், அப்பொழுதே திருட்டுப் பொருள் என்னும் நிலை நீங்கிவிடுகின்றது. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தின் 410ஆம் பிரிவில் இருந்த இவ்விதி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவிலும் தொடர்கின்றது. திருட்டுப் பொருளென்று அறிந்தோ, அவ்வாறு நம்புவதற்குக் காரணம் இருந்தோ, நேர்மையின்றி அதனைப் பெறுவோர்க்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை என்பதும் அப்பிரிவிலேயே உள்ளது. "நம்புவதற்குக் காரணம் இருந்தும்" என்பது கவனிக்கத்தக்கது. கண்ணெதிரே ஐயம் நிற்கும்போது கேளாமல் இருந்துவிடுவதைச் சட்டமும் அறியாமையாகக் கொள்வதில்லை. அதனையே நம் நூல்கள் பிரமாதம், அதாவது அசட்டை, என்று வினைக்குக் காரணமாக வைக்கின்றன.

ஆகவே நம் வினா இவ்வாறு சுருங்குகின்றது: இந்தக் கார் உரியவர் கைக்குத் திரும்பி, அவ்வுரியவரால் கொடுக்கப்பட்டு நம்மிடம் வருகின்றதா?

மீண்ட வாகனம் வரும் நான்கு வழிகள்

முதல் வழி: காவல்துறை காரைக் கண்டுபிடிக்கின்றது, நீதிமன்றம் உரிமையாளரிடம் அதனை முடிவாக ஒப்படைக்கின்றது, அவர் பின்னர் விற்கின்றார். இதனை வாங்குவதில் அதிசாரம் இல்லை.

இரண்டாம் வழி: திருட்டுக்கும் ஈடு தரும் முழுக் காப்பீடு உரிமையாளருக்கு இருக்கின்றது. வண்டியைக் கண்டுபிடிக்க இயலவில்லை என்று காவல்துறை அறிக்கை தந்தபின், காப்பீட்டு நிறுவனம் ஐ.டி.வி. எனப்படும் மதிப்பை ஒட்டிய தொகையை அவருக்கு வழங்குகின்றது. அவரோ சாவிகளையும், வண்டியின் மீதுள்ள உரிமையை நிறுவனத்திற்கு விட்டுக்கொடுக்கும் பத்திரத்தையும் கொடுத்துவிடுகின்றார். பின்னொரு நாள் வண்டி அகப்பட்டால், அது நிறுவனத்திற்கே உரியது. நிறுவனம் அதனை ஏலத்தில் விற்கின்றது. இவ்வாறு வரும் காரை வாங்குவதும் குற்றமன்று. ஏனெனில் பறிகொடுத்தவர் ஈடு பெற்றுவிட்டார்; உரிமை பெற்றவரே விற்கின்றார்.

இவ்விடத்தில் ஒரு நுட்பத்தை அறிதல் வேண்டும். இழப்பீடு பெற்ற பிறகும் ஆர்.சி.யில் பழைய உரிமையாளரின் பெயரே நீடித்திருக்கக் கூடும். காவல் நிலையத்திலிருந்து அவரே வண்டியைப் பெற்று, நிறுவனத்திற்குத் தெரிவிக்காமல் விற்க முன்வந்தால், பெயர் அவருடையது, உரிமை அவருடையதன்று. "ஆர்.சி. சரியாக இருக்கின்றது" என்னும் மகனின் கூற்று இங்கே போதாமல் போகின்றது.

மூன்றாம் வழி: வழக்கு முடிவதற்கு முன்பே, இடைக்கால ஏற்பாடாக நீதிமன்றம் வண்டியை ஒப்படைப்பதுண்டு. கைப்பற்றிய வாகனங்களைக் காவல் நிலையங்களில் நெடுங்காலம் நிறுத்தி வைப்பதால் பயனில்லை. தக்க பிணைப் பத்திரம் பெற்று விடுவிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002இல் வழிகாட்டியது. இவ்வாறு பெறுபவர், கேட்கும்போது வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவேன், விற்கவோ மாற்றவோ மாட்டேன் என்று உறுதி தருவது பெரும்பாலும் வழக்கம். அவ்வுறுதி நிலுவையில் இருக்கையில் அவர் விற்றால், நீதிமன்றத்திற்குத் தந்த வாக்கை மீறுகின்றார். நாமும் அரசின் விதிக்கு மாறாகக் கொள்ளும் மூன்றாம் அதிசாரத்திற்கு உட்படுகின்றோம். உரிமையாளர் உண்மையானவராயினும், நீதிமன்றத்தின் அனுமதி எழுத்தில் கிடைக்கும்வரை பொறுத்தலே முறை.

நான்காம் வழி: கார் உரியவரிடம் திரும்பவேயில்லை. பொய்யான எண்ணோடும் பொய்யான ஆவணத்தோடும் கை மாறிக்கொண்டிருக்கின்றது. விபத்தில் முற்றும் சிதைந்த ஒரு காரின் ஆவணங்களை வாங்கி, அதன் சேசிஸ் எண்ணைத் திருடிய காரில் பொறித்து விற்கும் தீச்செயலும் உலகில் நடக்கின்றது. இதனை அறிந்து வாங்கினால் அதிசாரம் என்ற அளவோடு நில்லாது, விரதமே முறியும். அறியாமல் வாங்கினால் வண்டி ஒரு நாள் உரியவருக்குச் சென்றுவிடும். கொடுத்த பணத்தை விற்றவரிடம் கேட்கும் உரிமை நமக்குச் சட்டத்தில் உண்டு. அவரைத் தேடிக் கண்டுபிடிப்பதே அரிதாகும்.

வாங்குமுன் செய்ய வேண்டிய ஆராய்ச்சி

கேட்டறிதலும் பார்த்தறிதலும் இவ்விரதத்தைக் காக்கும் வேலிகளாம். அவற்றைக் கீழே தொகுத்துத் தருகின்றோம்.

1. முதல் தகவல் அறிக்கையின் நகல், வண்டி மீட்கப்பட்டதற்கான காவல்துறை ஆவணம், ஒப்படைப்புக்கான நீதிமன்ற ஆணை ஆகியவற்றைப் பெற்றுப் படித்தல். ஆணை இடைக்காலத்ததா, முடிவானதா என்பதைத் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிக் கேட்டல்.

2. இழப்பீடு வழங்கப்பட்டதா என்பதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் உறுதி செய்துகொள்ளுதல். வழங்கப்பட்டிருந்தால், நிறுவனம் விற்றதற்கான ஏல ஆவணத்தைக் காணுதல்.

3. ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் பொறிக்கப்பட்டவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துள்ளனவா என்று பார்த்தல். சேசிஸ் எண் பதினேழு எழுத்துகளும் இலக்கங்களும் கொண்டது. அவ்விடத்தில் தேய்த்த தடமோ, புதிய வெல்டிங்கோ, மற்ற இடத்தோடு ஒவ்வாத வண்ணமோ இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுதல் நலம். நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்லலாம்.

4. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் "வாகன் சமன்வய்" சேவையில், அவ்வண்டி திருட்டுப் போனதாகக் காவல்துறைப் பதிவில் இன்னும் உள்ளதா என்று தேடிப் பார்த்தல். வட்டாரப் போக்குவரத்து அலுவலகப் பதிவில் தடைக்குறிப்பு ஏதும் உள்ளதா என்பதையும் பார்த்தல்.

5. வங்கிக் கடனின் ஈட்டுக்குறிப்பு ஆர்.சி.யில் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான வங்கியின் சான்றையும் படிவம் 35ஐயும் பெறுதல். பறிகொடுத்தவரைப் போலவே கடன் கொடுத்தவருக்கும் அவ்வண்டியில் உரிமை உண்டு.

6. வாங்கியபின் பெயர் மாற்றத்தைத் தள்ளிப் போடாமை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவு, வாங்கியவர் முப்பது நாளுக்குள் பதிவு அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. படிவம் 29, 30 ஆகியவற்றில் வெற்றுத்தாளாகக் கையெழுத்து வாங்கிப் பெட்டியில் வைத்திருப்பது நம்மவரிடையேயும் காணப்படும் வழக்கம், அது கைவிடத்தக்கது.

இவற்றில் எதனைக் கேட்டாலும் விற்பவர் சினந்தாலும், "இன்று மாலைக்குள் முடிவு சொல்லுங்கள், வேறு ஆள் காத்திருக்கிறார்" என்று அவசரப்படுத்தினாலும், அதுவே நமக்கு ஒரு விடையாகும்.

மலிவு என்னும் சோதனை

விலை குறைந்திருப்பதே குற்றமன்று. களவு போன வண்டியைப் பலர் விரும்புவதில்லை. பூட்டும் சாவியும் மாற்றப்பட்டிருக்கும். திருடியவன் வண்டியை எவ்வாறு ஓட்டினான் என்பது தெரியாது. காவல் நிலைய வெயிலிலும் மழையிலும் பல மாதம் நின்றிருக்கும். இவையெல்லாம் விலை குறைவதற்கு நியாயமான காரணங்கள். காரணம் தெரிந்த மலிவு வாணிகத்தில் இயல்பு. காரணம் சொல்லப்படாத மலிவைக் கண்டும் கேளாமல் இருக்குமாறு நம்மைத் தூண்டுவது உலோபக் கஷாயம். கேட்டால் இந்த விலை நழுவிவிடுமோ என்னும் அச்சம் மனத்தில் எழுந்தால், அப்பொழுதே விரதம் மாசுறத் தொடங்கிவிட்டது என்று அறிதல் வேண்டும்.

முன்கூறிய குடும்பத்திற்கு வருவோம். மகன் விசாரித்ததில், பழைய உரிமையாளர் இழப்பீடு பெற்றதும், காப்பீட்டு நிறுவனம் ஏலத்தில் விற்றதும், அந்த ஏலத்தில் எடுத்தவரே இப்போது விற்பதும் ஆவணங்களால் தெளிவாகின்றன என்று கொள்வோம். ஆனால் காவல்துறைப் பதிவில் அது இன்னும் திருட்டுப் போன வண்டியாகவே காட்டப்படுகின்றது. அப்போது அவர் செய்ய வேண்டியது யாது? உரிமை தூயது, பதிவு திருந்தவில்லை. பதிவைத் திருத்தித் தருமாறு விற்பவரைக் கேட்டு, அது நிறைவேறும்வரை முன்பணமும் கொடாமல் காத்திருத்தல் வேண்டும். இல்லையேல் அன்னையாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் வழியில் சோதனைச் சாவடியில் வண்டி நிறுத்தப்படலாம். திருந்திய பதிவு கைக்கு வந்தபின் வாங்கினால் அவர் விரதத்திற்கு ஊறில்லை. விற்பவர் மறுத்தால், ஒன்றேகால் இலட்சம் மிச்சமாகும் என்பதை எண்ணாமல் விட்டுவிடுதலே தகும்.

அன்னையாரின் தயக்கத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடலாகாது. அவ்வச்சம் இல்லையென்றால் மகன் இவ்வளவு விசாரித்திருப்பாரா என்பது ஐயமே. ஆவணங்களை அவரிடம் படித்துக் காட்டி, பறிகொடுத்தவர் ஈடு பெற்றுவிட்டார் என்பதை விளக்குதல் மகனின் கடமை. அதன்பின்னும் அவர் மனம் அமைதியுறாவிடில், வேறு வண்டி தேடுவதிலும் குறைவில்லை. இவ்வகை வண்டியை வாங்குதல் கூடும் என்பதே நாம் கண்டது. வாங்கியே தீர வேண்டும் என்று எந்த நூலும் சொல்லவில்லை.

பின்னாளில் விற்கும்போது

பலரும் எண்ணிப் பாராத பகுதி இது. ஐந்தாண்டு கழித்து நாம் அக்காரை விற்க நேரும்போது, அதன் பழைய வரலாற்றை வாங்குபவரிடம் கூறுதல் வேண்டும். நமக்குச் சொல்லப்பட்டதனால் நாம் மூன்றேகால் இலட்சத்திற்கு வாங்கினோம். நாம் அதனை மறைத்து, களவே போகாத காரின் விலைக்கு விற்றோமானால், ஒன்றை மற்றொன்றாகக் காட்டும் ஐந்தாம் அதிசாரம் நம்முடையதாகும், சத்தியாணுவிரதமும் மாசுறும். திருடனிடமிருந்து தப்பிய வண்டி, விரதியின் கையில் வஞ்சனைக்குக் கருவியாகலாமா? எனவே வாங்கும்போது பெற்ற ஆவணங்கள் அனைத்தையும் பத்திரமாக வைத்திருந்து, அடுத்தவரிடம் வண்டியோடு சேர்த்துக் கொடுப்பதே நேர்மை. விலையும் அதற்கேற்பக் குறையட்டும். நாம் வாங்கியபோது குறைந்ததன்றோ?

இப்பாடத்தில் கார் ஒன்றனையே எடுத்துக்கொண்டோம். பழைய நகை, செல்போன், மிதிவண்டி, நிலம் என எதனை வாங்கும்போதும் இதே வினா எழும்: கொடுப்பவருக்குக் கொடுக்கும் உரிமை உண்டா? உண்டென்று தெளிந்தபின் கொள்வதும், தெளியாதபோது விட்டு நீங்குவதும் கள்ளாமை காக்கும் இல்லறத்தாரின் நெறி.

குடும்ப சுவாத்தியாயத்திற்குரிய வினாக்கள்

1. உரிமையில்லாதவர் விலைக்குத் தரும் பொருள் ஏன் "கொடுக்கப்படாத பொருள்" ஆகின்றது?

2. கள்ளாமையின் ஐந்து அதிசாரங்களுள் எவை பழைய வாகனம் வாங்குவதோடும் விற்பதோடும் தொடர்புடையன?

3. ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே விற்றாலும் உரிமை அவரிடம் இல்லாத நிலை எப்போது ஏற்படும்?

4. நம் வீட்டில் உள்ள பொருள்களுள், மலிவாகக் கிடைத்ததற்குக் காரணம் கேளாமல் வாங்கியவை ஏதேனும் உண்டா? அவற்றின் உரியவரை இன்றேனும் அறிய இயலுமா?

வளர்க அறநெறி!